"பெரும்பான்மை பெற்று வந்தார்" என்ற வரிதான் பிரச்சினை

'ஹிட்லரும் பெரும்பான்மை பெற்றுத்தான் வந்தார், இன்றைய தலைவரும் அப்படியே' என்று, இன்றைய தலைவர் ஒருவரை ஹிட்லரோடு ஒப்பிடும் உங்கள் கட்டுரையில் எழுதிய வரியைப் பேராசிரியர் அடித்து நீக்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவர் அடித்தது சரி. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 33.1 சதவீதம், அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் பெற்றதைவிடக் குறைவு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பதவியில் அமர்த்தியவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்.

ஆளோடு ஆளை ஒப்பிடாதீர்கள், அதிகாரம் கைமாறிய விதத்தை ஒப்பிடுங்கள். பிப்ரவரி 28 அவசர ஆணை பேச்சுரிமையை முடக்கியது. மார்ச் 23இல் நிறைவேறிய சட்டம், சட்டமியற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்கே கொடுத்தது. எதிர்த்தவை 94 சமூக ஜனநாயகக் கட்சி வாக்குகள் மட்டுமே, கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்கே வரவிடவில்லை.

நீங்கள் எழுதும் நாட்டில் நீதிமன்றமும் பத்திரிகையும் இன்னும் இயங்கினால் அதையும் சொல்லுங்கள்; மறைத்தால் மொத்த வாதமும் சரியும். முசோலினியையும் ஹிட்லரையும் ஒன்றாக்கவும் வேண்டாம். 1922இல் ஆட்சிக்கு வந்த இத்தாலியப் பாசிசம் யூத எதிர்ப்புச் சட்டங்களை இயற்றியது 1938இல்தான்.