கன்ட்ரி இசையில் யார் பெரியவர்? கேள்வி பதில்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கன்ட்ரி இசையை இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். எல்லாக் காலத்துக்கும் பெரிய கலைஞர் யார் என்ற விவாதம் சூடு பிடித்ததில் என்னிடம் நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்தன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, சுத்தி வளைக்காம ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

ஹேங்க் வில்லியம்ஸ்.

1923-ல் அலபாமாவில் பிறந்தவர். 1953 புத்தாண்டு அன்று, ஒஹாயோவில் நடக்கவிருந்த கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டிலேயே உயிர் பிரிந்தது. வயது 29. பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. வலியைத் தாங்க மதுவும் மாத்திரையும் என்று ஆகி, 1952-ல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓலே ஓப்ரி மேடையிலிருந்தே அவரை நீக்கிவிட்டார்கள். இசைத்தட்டு வெளியிட்டு வாழ்ந்தது ஆறு வருடம்கூட நிறைவாக இல்லை.

1949-ல் வந்த 'ஐ'ம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டை ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அதில் கதை கிடையாது. யார் யாரை விட்டுப் போனார்கள் என்ற விவரமும் கிடையாது. பறக்கக்கூட மனசில்லாமல் கூவும் ஒரு ராப்பறவை, நடுராத்திரி ரயிலின் மெல்லிய ஊளை, மேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நிலா, சத்தமே இல்லாமல் விழும் ஒரு நட்சத்திரம். இவ்வளவுதான். பறவையையும் பொழுதையும் காட்டிப் பிரிவை உணர்த்துகிற குறுந்தொகைப் பாட்டைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த வழி புதிதே இல்லை. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு பையன் தானாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

விற்பனைக் கணக்கைப் பார்த்தா கார்த் ப்ரூக்ஸ்தானே முதல்? அவரை ஏன் யாரும் சொல்றதில்ல?

அமெரிக்காவில் மட்டும் 16 கோடிக்கு மேல் ஆல்பங்கள் விற்றதாகச் சான்று பெற்றவர். 1989-ல் முதல் ஆல்பம் வந்த பிறகு கன்ட்ரியை விளையாட்டு மைதானங்களுக்குக் கொண்டுபோனவர் அவர். மதிப்புக் குறைவாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் என் அளவுகோல் வேறு. ஒருவரை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டால், பின்னால் வந்தவர்கள் பாட்டில் எவ்வளவு மிஞ்சும்? ஹேங்க் இல்லையென்றால் பாதிக் கட்டடம் சரிந்துவிடும். ப்ரூக்ஸ் இல்லையென்றாலும் கட்டடம் நிற்கும், கூட்டம்தான் குறையும்.

ஜானி கேஷ் பேரைச் சொல்லாத பட்டியல் ஒரு பட்டியலா சார்? சிறைக்குள்ள போய்ப் பாடின மனுஷன்!

சொல்லாமல் விடுவேனா? 1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் அவர் பாடியதன் ஒலிப்பதிவு என்னிடம் எப்போதும் இருக்கும். கைதிகளைக் கண்டு பயப்படாத, அவர்களுக்கு உபதேசமும் செய்யாத குரல் அது. ஆனால் பலரும் நினைப்பதுபோல கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் அல்ல. சில இரவுகள் லாக்கப்பில் இருந்திருக்கிறார், அவ்வளவே.

உண்மையிலேயே தண்டனைக் கைதியாக இருந்தவர் மெர்ல் ஹேகார்ட். சான் குவென்டின் சிறையில் கேஷ் பாடியபோது கைதிகள் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்ட இளைஞர் அவர். பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம், வீடாக மாற்றிய பழைய ரயில் பெட்டியில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். பிறகு 38 பாடல்கள் கன்ட்ரி வரிசையில், அதாவது கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில், முதலிடம் பிடித்தன. 1972-ல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். தன் அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் கெட்டுப்போனதைப் பற்றி 'மாமா ட்ரைட்' என்று ஒரு பாட்டு எழுதினார். பழியை வேறு யார் தலையிலும் போடாத பாட்டு. ஆளுமை என்றால் கேஷ். பாட்டு கட்டுவது என்றால் ஹேகார்ட் ஒரு படி மேல். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

குரல் மட்டும்னு வச்சா யாரு?

ஜார்ஜ் ஜோன்ஸ். போட்டியே இல்லை.

ஒரே அசைக்குள் குரலைக் கீழே இறக்கி, தயங்கி, மறுபடி மேலே ஏற்றுவார். கமகம் கேட்டுப் பழகிய காது அதை உடனே பிடித்துக்கொள்ளும். 1980-ல் வந்த 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே'. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று சொன்ன ஒருவன், இன்றுதான் அந்த நேசத்தை நிறுத்தினானாம். அதாவது இன்றுதான் செத்தான். அதைப் பாட்டு நேராகச் சொல்வதில்லை. வாசலில் மலர்வளையம் வைக்கிறார்கள் என்று வரும்போதுதான் நமக்கு உறைக்கும். ஜோன்ஸுக்கு இந்தப் பாட்டே பிடிக்கவில்லை. குடியில் மூழ்கியிருந்த காலம். நடுவில் வரும் நான்கு வரி வசனத்தைத் தெளிவாகப் பேசிப் பதிவு செய்யவே பல மாதங்கள் ஆயின. கேட்கும்போது அந்தச் சிரமத்தின் சுவடே தெரியாது.

எல்லாம் ஆம்பளைங்க பேராவே வருதே. பெண்கள் பாடலையா?

நியாயமான கோபம் அம்மா. 1952-ல் கிட்டி வெல்ஸ் வந்துதான் ஒரு தனிப் பாடகி முதல் முறையாகக் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தார். பெண் கெட்டுப்போவதற்கு ஆண்தான் காரணம் என்று சொன்ன பாட்டு அது. பாட்ஸி க்ளைன் 1961-ல் கார் விபத்தில் விலா எலும்பு நொறுங்கிய பிறகு, வில்லி நெல்சன் எழுதிய 'க்ரேஸி'யைப் பாட வந்தார். உச்ச சுரங்களுக்கு மூச்சு எட்டவில்லை. இசையை மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு திரும்பி வந்து குரலைச் சேர்த்தார். 1963-ல் விமான விபத்தில் போய்விட்டார், முப்பதே வயதில்.

கென்டக்கி நிலக்கரித் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின், 1975-ல் கருத்தடை மாத்திரையைப் பற்றியே பாடினார். பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. வரிசையாகப் பிள்ளை பெற்றுக் களைத்த ஒரு மனைவி கணவனிடம் 'போதும்' என்று சொல்வதை அதற்குமுன் கன்ட்ரியில் யார் பாடினார்கள்?

டாலி பார்ட்டன் பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, பாட்டின் உரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டார். டாலி மறுத்துவிட்டார். அன்று இரவெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகம் முழுக்க ஒலித்தபோது, உரிமை முழுதும் எழுதியவர் கையிலேயே இருந்தது.

கன்ட்ரின்னாலே வெள்ளைக்காரங்க இசைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

கன்ட்ரியில் ஒலிக்கும் பேஞ்சோ என்ற கம்பிக் கருவி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். ஹேங்க் வில்லியம்ஸுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் டீ-டாட் என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பெய்ன், தெருவில் வாசித்துப் பிழைத்த கறுப்பினக் கலைஞர். தனக்கு இசைப்பயிற்சி என்று கிடைத்ததெல்லாம் அவரிடம்தான் என்று ஹேங்க் வெளிப்படையாகச் சொன்னார். டீ-டாட் 1939-ல் வறுமையில் இறந்தார். அவர் குரலில் ஒரு பதிவுகூட இல்லை. நான் முதலிடம் கொடுக்கும் மனிதரின் குரு எப்படி வாசித்தார் என்பதை இனி யாராலும் கேட்க முடியாது.

டீஃபோர்ட் பெய்லி மவுத் ஆர்கனில் ரயிலையே ஓடவிடுவார். 1927-ல் நாஷ்வில் வானொலியில் அவர் வாசித்த ஓர் இரவில்தான் 'கிராண்ட் ஓலே ஓப்ரி' என்ற பெயரே பிறந்தது. 1941-ல் அவரை வெளியேற்றினார்கள். பிறகு ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2005-ல், இறந்து 23 வருடம் கழித்து. சார்லி ப்ரைடின் முதல் இசைத்தட்டுகள் வானொலி நிலையங்களுக்கு அவருடைய படம் இல்லாமல் அனுப்பப்பட்டன. 1971-ல் அதே ப்ரைடு கன்ட்ரி சங்கத்தின் மிக உயர்ந்த விருதை வாங்கினார். இவர்களை விட்டுவிட்டுப் போடும் எந்தப் பட்டியலையும் நான் ஏற்பதில்லை.

எங்க வீட்ல கிறிஸ்துமஸ்னா ஜிம் ரீவ்ஸ் கேசட்தான். அவர் பெரிய ஆள் இல்லையா?

எங்கள் தெருவிலும் அப்படித்தான்! மைக்குக்குப் பக்கத்தில் உதட்டைக் கொண்டுபோய், காதுக்குள் பேசுவதுபோலப் பாடும் முறையைக் கையில் எடுத்து வென்றவர். 1964-ல் விமான விபத்தில் மறைந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் அவருக்கு இருக்கும் அன்பு தனி. முதல் பத்தில் வைக்க மாட்டேன், ஆனால் டிசம்பரில் அவர் இல்லாமல் எனக்கும் ஓடாது.

டெய்லர் ஸ்விஃப்ட்?

கன்ட்ரியில் தொடங்கி, 2014-ல் பாப்புக்குப் போய்விட்டார். அங்கே வைத்து அளப்பதுதான் அவருக்கு நியாயம்.

கிட்டார் கத்துக்கிட்டிருக்கேன் அண்ணா. யாரைக் கேட்டு ஆரம்பிக்கலாம்?

மேபெல் கார்ட்டர். 1927 ஆகஸ்டில் டென்னசி எல்லையிலுள்ள ப்ரிஸ்டலில் அவருடைய குழுவான கார்ட்டர் குடும்பம் முதன்முதலாகப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 18, வயிற்றில் குழந்தை. 'வைல்ட்வுட் ஃப்ளவர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. சி கார்டைப் பிடியுங்கள். மெட்டு முழுவதும் கட்டைவிரலால், தடித்த கம்பிகளில். இடைவெளியில் ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளைக் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. முதல் வாரம் கட்டைவிரல் மட்டும் போதும். அது தன்னால் நடக்கத் தொடங்கிய பிறகு மற்ற விரலைச் சேருங்கள். வேகம் வேண்டாம். அவரே நிதானமாகத்தான் வாசித்திருக்கிறார்.