டிஸ்கஷன் மார்க் எங்கே போகிறது?

மகள் கோயம்புத்தூரில் வீட்டில் இருந்தபடியே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைன் எம்பிஏ படிக்கிறாள், குவிஸில் எல்லாம் 90-க்கு மேல், வாராந்திர டிஸ்கஷனில் (தளத்தில் கருத்து எழுதி, சக மாணவருக்குப் பதில் போடும் பகுதி) மட்டும் 20-க்கு 11, 12 என்று வருகிறது, ஆங்கிலம் போதவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பதிவுகளையும் மார்க் விவரத்தையும் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை அம்மா. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நம் ஊர் பொதுத்தேர்வில் விடைத்தாள் திருத்துபவர் கையில் 'கீ' இருக்குமே, இந்த டிஸ்கஷனுக்கு மார்க் போட வைத்திருக்கும் ரூப்ரிக் என்பது ஏறக்குறைய அதுதான். இங்கே அதை மாணவருக்கு முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். எதற்கு எத்தனை மார்க், எப்படி எழுதினால் முழு மார்க், எப்படி எழுதினால் பாதி என்று ஒரு அட்டவணை. அவள் பாடம் படிக்கும் கேன்வாஸ் என்ற இணையதளத்தில் டிஸ்கஷன் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் மார்க் குறைந்த பிறகுதான் அதைத் திறக்கிறார்கள்.

அவளுடைய கடைசி வாரத்தையே எடுத்துக்கொள்வோம். கருத்தின் ஆழத்துக்கு 8-க்கு 7, மொழிநடைக்கு 2-க்கு 2. பாடத்திலிருந்து சான்று காட்டியதற்கு 4-க்கு 1. சக மாணவர் இருவருக்கு எழுதும் பதிலுக்கு 6-க்கு 1. ஓட்டை எங்கே என்று தெரிகிறதா?

ஒருவர் டொயோட்டாவின் 'ஜஸ்ட் இன் டைம்' முறையை, அதாவது பாகங்களைக் குவித்து வைக்காமல் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைப்பதை, புகழ்ந்து எழுதியிருக்கிறார். உங்கள் மகள் பதில்: "அருமையான பதிவு, நானும் உடன்படுகிறேன்." மரியாதைதான், ஆனால் மார்க் கிடைக்காது. அதையே இப்படி எழுதியிருக்கலாம்: "ஜப்பானின் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிப்களைப் பல மாதத்துக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் டொயோட்டா சொன்னது. அப்படியானால் எந்தப் பாகத்தை இருப்பு வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று எப்படி முடிவு செய்வது?" ஒரு தகவல், ஒரு கேள்வி, அவ்வளவுதான். எழுதியவரும் திரும்பி வந்து பேசுவார்.

இன்னொன்று, இரண்டு பதிலையும் கெடு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது போட்டிருக்கிறாள். வெவ்வேறு நாளில் எழுத வேண்டும் என்று அவளுடைய ரூப்ரிக்கிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி ஞாயிறு இரவு 11:59 என்றால் நமக்குத் திங்கள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. கேன்வாஸ் செட்டிங்ஸில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எழுதினால் எழுத்து செயற்கையாகிவிடாதா என்று அவள் கேட்கக்கூடும். கொஞ்சம் ஆகும்தான். அதனால் முதலில் தோன்றியதை எழுதட்டும். அப்புறம் ரூப்ரிக்கின் ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் வைத்து எது விடுபட்டது என்று பார்க்கட்டும். ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்குவது மட்டும் வேண்டாம், மாட்டினால் போவது இந்த 20 மார்க்கோடு நிற்காது.

'ஆழமான பதில்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் பேராசிரியருக்கு மெயில் அனுப்பி, முழு மார்க் வாங்கிய ஒரு மாதிரிப் பதிவைக் காட்ட முடியுமா என்று கேட்கலாம். அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மெயிலை அவளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.