வாசகர் கேள்வி – பதில்: ஓய்வுக்காக ஏற்காடு செல்வோருக்கு

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமியாரை இரண்டு ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்வதும் நான்தான். காலை நான்கரைக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் படுக்கிறேன். இடையில் இரண்டு முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எந்நேரமும் அலுப்பு, மாணவர்கள்மீது எரிந்து விழுகிறேன். சென்ற மே மாதம் நாத்தனாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கணவர், பிள்ளைகளோடு இரண்டு நாள் ஏற்காடு சென்றேன். கட்டுச்சோறு முதல் பிள்ளைகளின் ஸ்வெட்டர் வரை நான்தான் எடுத்து வைத்தேன். எந்த மாத்திரை எப்போது என்று கேட்டு நாத்தனார் அடிக்கடி அழைத்தார். போனதைவிட அதிகக் களைப்போடு திரும்பினேன். மூன்று நாள் தனியாகச் சென்று தங்கினால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. இது சுயநலமா? பயன் இருக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: சகோதரி, தயங்காமல் போய் வாருங்கள். இரண்டு ஆண்டுகளாக ஓர் இரவுகூட முழுதாகத் தூங்காதவர் தூங்குவதற்கு ஓர் இடம் தேடுவதில் சுயநலம் எங்கே இருக்கிறது? ஆனால், பயன் இருக்குமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மே மாதப் பயணம் ஏன் உங்களைக் களைக்க வைத்தது என்று தெரிந்தால்தான் இந்த முறை அதைத் தவிர்க்க முடியும்.

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் காலம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்து, ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நிறைந்திருக்கும். அது ஒரு காரணம் என்றாலும் பெரிய காரணம் அது இல்லை. சமையலறையையும் மருந்துப் பெட்டியையும் மனத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டுதான் நீங்கள் மலையேறியிருக்கிறீர்கள். வேலைக் களைப்பிலிருந்து மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதை ஆராய்ந்துவரும் உளவியலாளர் சபீனே சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்: வேலையை மனத்திலிருந்து இறக்கி வைப்பது, உடலைத் தளர விடுவது, புதிதாக ஒன்றைப் பழகுவது, நம் நேரத்தை நாமே தீர்மானிப்பது. உங்கள் மே மாதப் பயணத்தில் இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. எப்போது சாப்பிடுவது, எங்கே போவது என்பதைப் பிள்ளைகள் தீர்மானித்தார்கள். எப்போது பதறுவது என்பதைத் தொலைபேசி தீர்மானித்தது.

ஆகவே அறையைப் பதிவு செய்வதற்கு முன் பொறுப்பை ஒப்படைக்கும் வேலையை முடித்துவிடுங்கள். என் கருத்தில் இந்த ஓய்வின் பாதி அங்கேதான் இருக்கிறது. மாமியாருக்குத் தரும் மருந்துகள், நேரம், உணவின் பக்குவம், படுக்கைப் புண் வராமலிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பன எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டில் அருகே ஒட்டுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே நாத்தனாரை வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவரைச் செய்யச் சொல்லுங்கள். இரவு நேரப் பொறுப்பைக் கணவர் ஏற்கட்டும். அவர்கள் தங்களைப் பெற்ற தாயைத்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். அதற்காக நீங்கள் கூசவும் வேண்டாம், நன்றிக்கடன் பட்டவராக உணரவும் வேண்டாம். 2021 முதல் தமிழக அரசு நடத்திவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த உதவி மூன்று நாளோடு முடிந்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் புறப்படும் முன்பே முடித்துவிடச் சொல்வேன். உங்கள் வயதில் ஓயாத அலுப்பு என்றால் அதை வேலைப்பளு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. மாதவிடாய் நிற்பதை நெருங்கும் ஆண்டுகளில் உதிரப்போக்கு கூடி இரத்தசோகை ஏற்படுவது உண்டு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகைதான். தைராய்டு குறைவும், சர்க்கரை நோயும், பி12 குறைபாடும் இதே அலுப்பைத்தான் தரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். இவற்றை எந்த மலைக்காற்றும் சரிசெய்யாது. அதேபோல, எதிலும் நாட்டமில்லாத மனநிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். சனி, ஞாயிறை விட்டுவிட்டு திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். பள்ளி விடுப்பு கிடைப்பது கடினம் என்றாலும் மன்றாடியாவது வாங்குங்கள். ஒண்டிக்கடைச் சந்திப்பு, ஏரி ஆகியவற்றின் அருகே தங்காமல், நாகலூர்ப் பக்கம் போன்று சற்று விலகிய இடத்தில், காப்பித் தோட்டத்தை ஒட்டி, மூன்று வேளையும் சமைத்துத் தரும் குடும்ப விடுதியாகப் பாருங்கள். தனியாகச் செல்லும் பெண் என்பதால் விடுதிக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கோடை மழை விழுந்த சில நாட்களில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்துத் தோட்டம் முழுவதும் மல்லிகை போல மணக்கும். மார்ச், ஏப்ரலில் அந்த நாள் வாய்த்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிவதுண்டு என்பதால் வானிலையைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி கூடுதல். இரவில் மின்விசிறி இல்லாமல், கம்பளியோடு தூங்கலாம்.

அங்கே என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது உங்களைத் தடுமாற வைக்கும் என்று எனக்குத் தெரியும். என் தாயார் நெடுநாள் படுக்கையில் இருந்தபோது நானும் இப்படி ஒருமுறை அங்கே போய்த் தங்கினேன். முதல் நாள் பதினோரு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் தலைவலி, ஏதோ குற்றம் செய்துவிட்டது போன்ற பதற்றம், வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம். இரண்டாம் நாள் காலை விடுதி வாசலில் உட்கார்ந்து, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலைதான் என் தோள்கள் இறங்கியதை உணர்ந்தேன். ஆகவே முதல் நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். அலாரம் வைக்காமல் தூங்குங்கள். எழுந்ததும் வெயிலில் கொஞ்சம் நடந்தால் இரவுத் தூக்கம் ஒழுங்குபடும். காப்பி விளையும் ஊர் என்று நாள் முழுவதும் குடித்துவிடாதீர்கள். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும் என்பதால் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொலைபேசியை அணைத்து வைத்து, மாலை ஏழு மணிக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்குப் பேசுங்கள். அவசரம் என்றால் விடுதியின் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதை இன்னொரு பயணத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

விடுமுறை தரும் தெம்பு சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனவே திரும்பி வந்ததும் பழையபடி எல்லாப் பொறுப்பையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். கட்டிலருகே ஒட்டிய தாள் அங்கேயே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு இரவு கணவர் எழுந்து பார்க்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு நாத்தனார் வரட்டும்.

கேள்வி: சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை. ஒரு வாரம் ஏற்காட்டில் அறை எடுத்து, அங்கிருந்தே மடிக்கணினியில் வேலை பார்த்தபடி ஓய்வும் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?
— வாசகர், சென்னை

பதில்: இடம் மாறும், ஓய்வு கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில், சமாளிக்கப்படாத நெடுநாள் வேலை அழுத்தத்தால் வரும் பணிச்சோர்வை விவரித்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்போ விலகலோ கொள்ளுதல், செயல்திறன் குறைதல். இவை உங்களிடம் இருந்தால், அதே வேலையைப் பனிமூட்டத்துக்கு நடுவே செய்வதால் அவை விலகா. ஏழு நாள் அரைகுறையாக இருப்பதைவிட, மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு மூன்று நாள் முறையான விடுப்பில் வாருங்கள்.

கேள்வி: சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மூன்று நாள் தங்க வசதியில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஒரே நாள் போய் வந்தால் பலன் உண்டா, ஐயா?
— வாசகர், சிவதாபுரம்

பதில்: நிச்சயமாக உண்டு. ஓய்வு பணம் படைத்தவர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டதே என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் மலையை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதைப் பட்டறை வாசலிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் சேலத்தில் எத்தனையோ பேர்.

சம்மணமிட்டுக் குனிந்து, சிறு வளையங்களைச் சுடர் வைத்துப் பற்றவைக்கும் உங்கள் வேலையில் முதலில் தேய்வது கண்ணும் கழுத்தும்தான். அருகில் உள்ளதையே உற்றுப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகியே இருக்கும். தொலைவைப் பார்க்கும்போதுதான் அது தளர்கிறது. காலை முதல் பேருந்தில் ஏறி, கூட்டம் சேர்வதற்குள் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போய்ச் சேருங்கள். அங்கிருந்து சேலம் நகரமே கீழே விரிந்து கிடக்கும். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து தொலைவைப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பதிவுகளை ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் என்பவர், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பியதாகவும், வலுவான வலி மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டதாகவும் 1984-ல் எழுதினார். ஒரு சிறிய ஆய்வுதான். இருந்தாலும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை வீண்பொழுது என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

மதியம் சாப்பிட்டபின் ஏதாவது ஒரு மரத்தடியில் துண்டை விரித்துக் கால் மணி நேரம் கண்ணயருங்கள். மாலையில் மூடுபனி இறங்கும் முன் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். பட்டறையில் வேலை நெருக்கடி மிகுந்த பண்டிகைக் காலத்துக்கு முன்பாகவே ஒரு வேலைநாளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு நாள் கூலிக்காக இப்போதிருந்தே நாளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று தனியே எடுத்து வையுங்கள்.