பக்டீரியாவில் செய்த நொதியம் எப்படி "மனித" நொதியம் ஆகும்?

கொழும்பில் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த தங்கை கேட்டது: "லேபிளில் மனித எல்.டி.எச்.ஏ என்றும், ஈ.கோலியில் தயாரித்தது என்றும் இருக்கிறது. எது சரி?"

இரண்டும் சரி. எல்.டி.எச்.ஏ என்பது பைருவேற்றை லக்டேற்றாக மாற்றும் ஒரு நொதியம், ஈ.கோலி ஒரு பக்டீரியா. செய்முறைக் குறிப்பு மனிதருடையது, சமைத்தது பக்டீரியா. மனிதப் பரம்பரையலகை ஈ.கோலிக்குள் புகுத்தினால் அது அதே 332 அமினோ அமிலச் சங்கிலியைக் கோக்கும். நான்கு சங்கிலிகள் சேர்ந்தால்தான் நொதியம் வேலை செய்யும். ஈ.கோலி சாதாரணமாக மனிதக் கலம் போலப் புரதத்தில் சர்க்கரை ஒட்டாது. ஆனால் இந்த நொதியம் குழியவுருவில் இருப்பது, அதற்கு அந்தச் சர்க்கரை தேவையில்லை. பெயரோடு 'ஹிஸ்' என்று இருந்தால், நிக்கலில் பிடித்துச் சுத்திகரிக்க வாலாக ஒட்டிய ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலங்கள் அவை.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். பைருவேற்று லக்டேற்றாக மாறும்போது என்.ஏ.டி.எச் என்ற துணை மூலக்கூறு செலவாகும். அது 340 நனோமீற்றரில் ஒளியை உறிஞ்சும், மாறிய என்.ஏ.டி உறிஞ்சாது. ஆகவே ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியின் திரையில் கோடு சரிந்துகொண்டே வர வேண்டும்.

எங்களுக்கு ஒருமுறை கோடு அசையவே இல்லை. நொதியத்தைக் குறை சொன்னோம். பார்த்தால், ஐதாக்கிய குழாய் மத்தியானம் முழுக்க மேசையில், கொழும்பு வெக்கையில் கிடந்திருக்கிறது. ஐதான புரதம் குழாய்ச் சுவரிலும் ஒட்டிவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஐதாக்கி ஐஸில் வையுங்கள். மூலக் குழாயைச் சிறு பங்குகளாகப் பிரித்துவிடுங்கள், திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்காதீர்கள். அப்புறம், இது ஆராய்ச்சிக்கு மட்டும், நோயாளிக்கு அல்ல.