வாசகர் கேள்வி பதில்: தன்பாலினத் திருமணச் சட்டம் உண்மையிலேயே வந்ததா?

தன்பாலீர்ப்புச் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் திட்டமொன்றை ஆதரித்து இலங்கைச் சுற்றுலாத் துறை எழுதிய கடிதம் பற்றிய சர்ச்சைக்குப் பின்னர் இந்தப் பகுதிக்கு வந்து குவிந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விடயத்தைப் பற்றியவை என்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம். ஒரு கடிதத்தில் ஊரையும் விட்டிருக்கிறோம்.

கேள்வி: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டத்துக்கு உயர் நீதிமன்றமே அனுமதி கொடுத்துவிட்டதாக ஒரு காணொளி என் கைப்பேசிக்கு நான்கு குழுக்களிலிருந்து வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் அயலவர்கள் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். உண்மை என்ன? (ஹட்டன்)

பதில்: அப்படி ஒரு சட்டமூலம் இலங்கை நாடாளுமன்றத்துக்கு வரவே இல்லை. வந்தது வேறு. பொதுஜன பெரமுனவின் கொழும்பு மாவட்ட உறுப்பினராக இருந்த பிரேம்நாத் சி. தொலவத்த, தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகளைத் திருத்துவதற்காக ஒரு தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். இணங்கிய வயதுவந்த இருவர் தனிமையில் கொள்ளும் உறவுக்காக அவர்களைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்பதே அதன் சாரம். சிறுவர்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும், எயிட்ஸ் பரவும், பௌத்தத்துக்கு உரிய இடம் குறையும் என்று வாதிட்டு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் அவற்றை விசாரித்து, சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்று தீர்மானித்ததைச் சபாநாயகர் 2023 மே 9ஆம் திகதி சபையில் அறிவித்தார். உங்கள் காணொளிக்கு மூலம் இந்த அறிவிப்பாகத்தான் இருக்க வேண்டும். சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வராமலே கிடந்து, 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு காலாவதியானது. நம் தோட்டங்களில் கல்யாணம் எழுதும் பதிவாளர் பின்பற்றுகிற 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் அது ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களைத் தண்டிக்கும் பிரிவுகளும் அப்படியே இருந்திருக்கும் என்பதை, உங்களிடம் விளக்கம் கேட்பவர்களுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: இந்தியாவில் இதே பிரித்தானியர் எழுதிய, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை, வயதுவந்தோரின் இணங்கிய உறவுக்குப் பொருந்தாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சுருக்கிவிட்டது. நம் உயர் நீதிமன்றத்தால் ஏன் முடியவில்லை? (பதுளை, சட்ட மாணவி)

பதில்: நீதிபதிகளின் துணிச்சலில் உள்ள வித்தியாசம் அல்ல, அரசியலமைப்பில் உள்ள வித்தியாசம். இந்திய அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை, அதற்கு முன்பிருந்த சட்டம் எதுவானாலும் அடிப்படை உரிமையோடு முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது. நம்முடைய 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை அதற்கு நேர்மாறாக, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று காப்பாற்றி வைத்திருக்கிறது. அதன்பின் நிறைவேறிய சட்டங்களைப் பொறுத்தவரை, சபாநாயகர் கையொப்பமிட்டுவிட்டால் 80ஆவது உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே வாயிற்கதவு திறந்திருக்கும். ஆகவே 1883இல் எழுதப்பட்ட பிரிவும், ஆண்களுக்கு மட்டும் என்று இருந்ததைப் பெண்களுக்கும் விரித்த 1995ஆம் ஆண்டுத் திருத்தமும் நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதவை. 2016 நவம்பரில் 365அ பிரிவின் கீழான தண்டனைக்கு எதிராக வந்த ஒரு மேன்முறையீட்டில், வயதுவந்தோரின் இணங்கிய உறவை அரசு கண்காணிக்கக்கூடாது என்ற சிந்தனை வளர்ந்துவருவதை உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆனாலும் சட்டம் சட்டமாகவே இருப்பதால் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்து, சிறைத் தண்டனையை ஒத்திவைக்கத்தான் அதனால் முடிந்தது. முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம். 2024 ஜூனில் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்மானித்ததையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓடுகிற கதை அல்ல இது.

இந்தியாவையே பாருங்கள். 2018 செப்டெம்பரில் தண்டனை போனது. 2023 ஒக்டோபரில் திருமண உரிமை கேட்டு வந்தவர்களை அதே உச்ச நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பியது. குற்றத்தை நீக்குவதும் திருமணத்தை அங்கீகரிப்பதும் ஒரே படி அல்ல என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் இல்லை.

கேள்வி: நான் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. என் மூத்த மகன் கொழும்பில் புடைவைக் கடையில் வேலை செய்கிறான். பெண் பார்த்தபோது, தனக்குப் பெண்கள் மீது நாட்டமில்லை என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டான். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வைத்தியரிடம் காட்டினால் மாறுமா? பொலிஸில் பிடித்துவிடுவார்களா? காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் இல்லை. (ஊர் வேண்டாம்)

பதில்: அம்மா, இது நோய் அல்ல. உலக சுகாதார அமைப்பு 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மாற்றுகிறேன் என்று பணம் கேட்கும் வைத்தியரிடமோ, மந்திரித்துக் கயிறு கட்டுகிறவரிடமோ போகாதீர்கள். சட்டம் தண்டிப்பது செயலைத்தான். ஒருவருடைய இயல்பையோ, தன் தாயிடம் அவர் மனம்விட்டுச் சொன்ன சொல்லையோ அல்ல. அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 365அ பிரிவு பகிரங்கத்திலோ தனிமையிலோ என்று இரண்டையும் சேர்த்தே குற்றமாக்குவதால், பொலிஸிடம் காட்டிக்கொடுப்பேன், ஊருக்குச் சொல்வேன் என்று மிரட்டிப் பணம் கேட்பவர்களுக்கு அது வசதியாக இருக்கிறது. அப்படி எவராவது உங்கள் மகனை மிரட்டினால் குற்றவாளி மிரட்டுகிறவர்தான். பயமுறுத்திப் பணம் பறிப்பது அதே தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். காசு கொடுக்க வேண்டாம், குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கட்டணமில்லாமல் ஆலோசனை கேட்கலாம். அவன் மனம் உடைந்து பேசினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அது அவனை மாற்றுவதற்கு அல்ல, தாங்கிப் பிடிப்பதற்கு.

பெண் பார்ப்பதை நிறுத்துங்கள். கட்டாயப்படுத்தி முடிச்சுப் போட்டால், ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அல்லவா அதில் மாட்டிக்கொள்வாள்? தகப்பனிடம் எப்போது சொல்வது என்பதை மகனே முடிவு செய்யட்டும். அதுவரை இந்தப் பேச்சை வாசல் இஸ்தோப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம், உள்ளறைக் காம்பிராவுக்குள்ளேயும் வேண்டாம். நடுச்சுவர் கூரையைத் தொடாத, வரிசை வீடுகளான பழைய லயங்களில் இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மகன் ஊருக்கு வரும்போது கோயில் பக்கமாக நடந்து போய்ப் பேசுங்கள். அவன் முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்கிறான்.

கேள்வி: இதெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி. நமது பண்பாட்டில் உண்டா? (பண்டாரவளை)

பதில்: இறக்குமதியானது தண்டனைதான், ஐயா. இந்த மலைகளில், கண்டிச் சிங்களவரிடையே சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணப்பது வழக்காறாக ஏற்கப்பட்டிருந்தது. அதைச் சட்டத்துக்குப் புறம்பாக்கியது 1859இல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டம். கால் நூற்றாண்டு கழிவதற்குள், 1883இல், அதே ஆட்சியாளர்கள் தங்கள் நாட்டு ஒழுக்கத்தை அளவுகோலாக வைத்துத் தண்டனைச் சட்டக்கோவையை எழுதினார்கள். இன்று பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லி நாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது விக்டோரியா மகாராணி காலத்துப் பண்பாட்டை. பிரித்தானியாவோ அதை எப்போதோ கைவிட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வந்தவர்கள், இந்த மண்ணுக்கு ஒட்டாதவர்கள் என்று சொல்லி 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கிய தீவு இது. அந்தச் சொல்லை இன்னொருவர் மீது வீசுவதற்கு முன்னர் மலையகத்தில் பிறந்த நமக்கு நா கொஞ்சமாவது தயங்க வேண்டும்.

கேள்வி: பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (புசல்லாவை)

பதில்: பேசுகிற விதத்தில்தான் பிரச்சினை. 1999இல் பெண் தன்பாலீர்ப்பாளர்களின் மாநாடு ஒன்று நடக்கவிருந்தபோது, அதில் கலந்துகொள்பவர்கள் மீது பாலியல் வன்புணர்வுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டும் என்று எழுதப்பட்ட வாசகர் கடிதத்தைக் கொழும்பின் ஆங்கில நாளிதழ் ஒன்று அச்சிட்டது. இந்தச் சமூகத்துக்காக இயங்கிய அமைப்பொன்றின் தலைவர் பத்திரிகைப் பேரவையில் முறையிட்டார். 2000ஆம் ஆண்டில் பேரவை முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்ததோடு நிற்கவில்லை. இத்தகைய உறவு தண்டனைச் சட்டப்படி குற்றம், ஆகவே அதை ஆதரித்து எழுதுவதுதான் வக்கிரத்தையும் வன்முறையையும் ஊக்குவிப்பது என்று விளக்கி, முறையிட்டவரையே 2,100 ரூபாய் செலுத்தும்படி பணித்தது. வன்புணர்வுக்கு அறைகூவியதை அச்சிட்ட பத்திரிகைக்கு ஒன்றும் இல்லை. யாரையும் சிறைக்கு அனுப்பாமலே அந்தப் பிரிவு செய்துவருகிற வேலையை இதில் பார்க்கலாம்: அது இருக்கும்வரை, அவமதிக்கிறவர் சட்டத்தின் பக்கம் நிற்பவராகவும் அவமதிக்கப்படுகிறவர் குற்றவாளியாகவும் ஆகிவிடுகிறார். 2018 நவம்பரில் ஒரு நாட்டின் ஜனாதிபதியே, மைத்திரிபால சிறிசேன, தன் அரசியல் எதிரியையும் அவருடைய வட்டத்தையும் மேடையில் வண்ணத்துப்பூச்சிகள் என்று, தன்பாலீர்ப்பாளரை இழித்துச் சொல்லும் சொல்லால், எள்ளிநகையாட முடிந்ததும் அந்தத் தைரியத்தில்தான். மறுநாளே சமூக வலைத்தளங்களை வண்ணத்துப்பூச்சிப் படங்களால் நிரப்பி இளைஞர்கள் பதில் சொன்னார்கள் என்பது ஓர் ஆறுதல்.

தமிழ் ஊடகங்கள் யோக்கியம் என்று எண்ணிவிடாதீர்கள். 2022 ஜூனில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் இங்குள்ள தன் துணையைத் தேடி வந்தார். குடும்பத்தின் முறைப்பாட்டின் பேரில் வழக்கு கிழக்கு மாகாண நீதவான் ஒருவரிடம் போக, இருவரையும் மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவானது. வயதுவந்த இருவரை எந்த அடிப்படையில் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பதல்லவா கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி? அதைக் கேட்டவர்கள் குறைவு. விநோதக் காதல் என்று கதை சொல்லி மகிழ்ந்தவர்கள் அதிகம்.

நம் பகுதிச் செய்தியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரைத்தான் போடவில்லையே என்று சிலர் நினைக்கிறார்கள். இன்ன தோட்டம், மேற்பிரிவு, வயது 24, கொழும்பில் வேலை என்று நாலு வரி போட்டால், மறுநாள் காலை, வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நகரத்துக்கு எழுதப்பட்ட விதி அறுபது குடும்பங்கள் வாழும் தோட்டப் பிரிவுக்குப் போதாது. இங்கே தோட்டத்தின் பெயரும் அடையாளம்தான். குற்றச்சாட்டு ஏதுமில்லாத செய்தியில் அந்த விபரம் எதற்கு?

கேள்வி: சுற்றுலா அதிகார சபையின் கடிதத்தைப் பற்றி? (தலவாக்கலை)

பதில்: 2025 செப்டெம்பரில், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையர் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் அரசுசாரா அமைப்பொன்றின் திட்டத்துக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆதரவு தெரிவித்து எழுதியது. கர்தினால் மெல்கம் ரஞ்சித் கடுமையாக எதிர்த்தார். எனக்கு உறுத்துவது வேறு. டொலரோடு வருகிற தம்பதிக்கு நுவரெலியா ஹோட்டலில் பூங்கொத்து, அந்த அறைக்குப் படுக்கை விரிக்கிற நம் பையனுக்கு 365அ.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தன்பாலினத் திருமணத்தை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? (இறாகலை)

பதில்: ஆம், பதிவுத் திருமணமாக. கோயிலோ தேவாலயமோ விகாரையோ பள்ளிவாசலோ நடத்திவைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் வைத்தியசாலை வாட்டில் நோயாளிக்கு நீங்கள் யார் என்று கேட்கும்போதும், இறந்தவரின் சேமலாப நிதிக்கு யார் உரியவர் என்று பார்க்கும்போதும், அந்த ஒற்றைத் தாளுக்கு எவ்வளவு பெறுமதி என்பது, தாலி கட்டியும் பதியாமல் வாழ்ந்து, பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைந்த நம் தோட்டத்துப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் நமக்குத் தூரத்து நாடுகள் அல்ல. இருந்தாலும் இலங்கையில் இன்று மேசையில் இருக்க வேண்டியது திருமணம் அல்ல என்பதால், இந்த ஆதரவை நான் கூச்சலிட்டுச் சொல்வதில்லை. சிறைக்கதவைத் திறக்காமல் மணவறை பற்றி விவாதிப்பது எதிர்ப்பாளர்களுக்குத்தான் வசதி.

கேள்வி: அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேட்கலாமா? (மஸ்கெலியா, இளைஞர்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள், தம்பி. நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்பதால் மலையக உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கும் கணக்கில் வரும். 365அ பிரிவை நீக்கும் சட்டமூலம் மறுபடி வந்தால் கையை உயர்த்துவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள். திருமணம் என்ற சொல்லை நீங்கள் எடுத்தால், பண்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, பதில் சொல்லாமலே அடுத்த லயத்துக்குப் போய்விடுவார்.