தையல் மெஷினை மட்டுமே வரைகிற மகள்

அம்மா, நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு பயம் என்று நினைக்கிறேன். அப்பா போய் பத்து மாதமாகியும், பிளஸ் டூ படிக்கிற பெண் ராத்திரியில் உட்கார்ந்து அவருடைய தையல் மெஷினையே திரும்பத் திரும்ப வரைகிறாளே, இது மனநோயா என்பது ஒன்று. இன்ஜினியரிங் வேண்டாம், ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறாளே, பிழைப்புக்கு என்ன செய்வாள் என்பது இன்னொன்று.

முதலாவது நோய் இல்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பாட்டியை யாராவது பைத்தியம் என்று சொல்கிறோமா? சொல்லிச் சொல்லி அழத்தான் அந்தப் பாட்டு. உங்கள் மகளுக்கு அந்தச் சொல் வரவில்லை, பென்சில் வருகிறது, அவ்வளவுதான். பாதி தைத்த சட்டை, ஊசியில் கோத்தபடி நிற்கும் நூல், ஆளில்லாத ஸ்டூல் என்று நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பள்ளி விட்டு வந்ததும் அவள் தினமும் பார்த்த காட்சி அது. இறந்தவர் சாமானை வரைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று உறவினர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குறைந்தாலோ, யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நானும் அப்பாகிட்ட போயிடறேன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அவளைத் தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு ஐந்து வயதில் அம்மா காசநோயில் போனார். 1877-இல் அதே நோயில் 15 வயது அக்கா சோபியும் போனாள். மூங்கும் 1879-இல் இன்ஜினியரிங் படிக்கத்தான் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டு ஓவியம் என்றார், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நான் முக்கியமாக நினைப்பது இதற்குப் பிறகு நடந்ததை. படுக்கையில் சாய்ந்திருக்கும் அக்காவை, பக்கத்தில் தலைகுனிந்திருக்கும் சித்தியை, 'நோயுற்ற குழந்தை' என்ற படமாக அவர் வரையத் தொடங்கியது 1885-இல், அதாவது அக்கா போய் எட்டு வருடம் கழித்து. வண்ணத்தைப் பூசிப் பூசிச் சுரண்டினார். முதலில் காட்சிக்கு வைத்தபோது முடிக்காத படம் என்று கேலி செய்தார்கள். அதற்குப் பிறகும் விடாமல், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை மொத்தம் ஆறு முறை வரைந்திருக்கிறார். உங்கள் மகள் பத்து மாதமாக ஒரே மெஷினை வரைவது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் தன் அம்மாவை வரைந்த படத்தை என்னிடம் காட்டினான். நன்றாக இருக்கிறதே என்று நானே வற்புறுத்திப் போட்டிக்கு அனுப்ப வைத்தேன். பரிசு கிடைத்தது, மேடையில் ஏற்றி, அம்மா எப்படி இறந்தார் என்று மைக்கில் கேட்டார்கள். அதன்பிறகு அவன் வரையவே இல்லை. அதனால்தான் கேட்கிறேன், அவளாகக் காட்டாத படத்தை யாருக்கும் காட்டாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இந்தச் சட்டை யாருக்குத் தைச்சது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். துக்கம் வந்ததால் வரைகிறாளா, வரைவதே அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்பது இப்போது அவளுக்கே தெரியாது. மூன்று மாதம் பொறுங்கள். பஸ் ஸ்டாண்டு, பூக்கடை, தூங்குகிற நாய், உங்கள் கை என்று மற்றவற்றையும் பார்த்து வரையச் சொல்லுங்கள். அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால், சரியாக வராததை அழித்து மறுபடி போட்டால், ஓவியக் கல்லூரியை நம்பிக்கையோடு யோசிக்கலாம். மெஷின் மட்டும்தான் வருகிறது என்றால், அதற்காக நாலு வருடப் படிப்பு தேவையில்லை. எந்தப் படிப்புக்குப் போனாலும் அவள் அதை வரைந்துகொண்டிருக்கலாம்.

1850-இல் தொடங்கிய, சென்னை எழும்பூரில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டம் இருக்கிறது, நான்கு ஆண்டுப் படிப்பு. மார்க் மட்டும் போதாது, வரைந்து காட்டும் தேர்வு உண்டு. கும்பிடுகிற கையையும் குடத்தையும் பார்த்தபடி வரையத் தெரிய வேண்டும், சோகம் அங்கே கைகொடுக்காது. சென்னையில் ஓவியத்தோடு சிற்பம், செராமிக், விஷுவல் கம்யூனிகேஷன் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். தையல்காரர் மகள் துணிப் பிரிவைப் பற்றிக் கேட்டால் வியப்படைய மாட்டேன், ஆனால் நீங்களாக அதைத் திணிக்காதீர்கள். வேலை என்று பார்த்தால் அனிமேஷன், புத்தகப் படங்கள், விளம்பரம், ஓவிய ஆசிரியர் பணி என்று வழிகள் இருக்கின்றன. முதல் சில வருடம் இன்ஜினியர் சம்பளத்தோடு ஒப்பிட முடியாது, அதை அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வருஷத் திதியும் அந்த மூன்று மாதமும் முடிகிற வரைக்கும் எந்த முடிவும் வேண்டாம். அப்புறம் இருவரும் என்னிடம் வாருங்கள். இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் வரைகிறாள் என்றீர்களே, அதைக் கிழிக்காமல் அவளிடமே விட்டுவிட்டு, பள்ளிக்குப் புதிதாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.