ஒன்றிரண்டு மணி நேரம் ஓடியதும் கார் ஏசி சூடாகிறதா? ஏசி கேஸ் போடும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து திருநெல்வேலி போகும்போது திண்டிவனம் வரை ஏசி ஜில்லென்று இருக்கிறது. அப்புறம் காற்றே குறைந்துபோய், வருவதும் வெதுவெதுப்பாக வருகிறது. டீ குடிக்க அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் பழையபடி குளிர்கிறது. ஏசிக்குக் கேஸ் (குளிரூட்டும் வாயு) போடச் சொல்கிறார்கள், போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். காற்றே குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டி, காற்று வரும் வழியை அடைத்துக்கொள்கிறது. நிறுத்தியதும் ஐஸ் உருகிவிடுவதால் ஏசி தானாகவே சரியானது போலத் தெரிகிறது. அடுத்த முறை நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் பாருங்கள். வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் கொட்டினால் இதுதான் காரணம்.

முதலில் கேபின் ஃபில்டர், அதாவது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டிக்கு (குளோவ் பாக்ஸ்) பின்னால் இருக்கும், கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. தூசி அடைத்திருந்தால் காயில் மேல் போதுமான வெதுவெதுப்பான காற்று படாமல் அது உறைந்துவிடும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் தெர்மிஸ்டர் மேல். காயிலில் செருகியிருக்கும் இந்தச் சின்ன சென்சார்தான் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது, கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரஸரை நிறுத்த வைக்கிறது. அது கெட்டாலோ இடம் மாறி நழுவினாலோ கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அதுவும் நெடுஞ்சாலையில் என்ஜின் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் சுற்றும்போது ஐஸ் கட்ட நல்ல வசதி, அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது இந்தத் தொல்லை அவ்வளவாக வருவதில்லை.

வழியிலேயே இப்படி ஆனால் ஏசி பட்டனை அணைத்துவிட்டு ப்ளோயரை (காற்றடிக்கும் விசிறி) மட்டும் முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று பழைய வேகத்துக்கு வந்ததும் மறுபடி போடலாம், ஆனால் ப்ளோயரை ஒன்றில் வைக்காமல் இரண்டு, மூன்றில் வையுங்கள்.

காற்று குறையாமல் சூடாக மட்டும் வருகிறது என்றால் அது வேறு கதை. அப்போது முதலில் என்ஜின் வெப்ப முள்ளைப் பாருங்கள், ஏனென்றால் என்ஜின் அதிகம் சூடானால் பல கார்கள் ஏசியைத் தாமே துண்டித்துவிடும். முள் சரியாக இருந்தால், கம்ப்ரஸரை என்ஜினோடு இணைக்கும் கம்ப்ரஸர் கிளட்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். தேய்ந்து இடைவெளி கூடிய கிளட்ச், குளிர்ந்திருக்கும்போது ஒட்டும், சூடானதும் விட்டுவிடும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது குளிர்ந்தால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்ஸரின் ஃபேனைப் பாருங்கள்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், ஓட்டையை அடைக்காமல் போடுகிற கேஸ் மறுபடியும் போய்விடும். லேசான கேஸ் குறைவும் காயிலில் ஐஸ் கட்ட வைக்கும் என்பதால், ஃபில்டரும் சென்சாரும் சரியாக இருந்தால் கேஜ் (அழுத்தமானி) வைத்து கேஸ் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குறைவுதான் என்று தெரிந்தால் கசிவைச் சரிசெய்து, குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்யூம் இழுத்து), பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அதை எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். 'கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன் சார்' என்றால் சம்மதிக்காதீர்கள், அளவுக்கு மேல் கேஸ் போனால் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர்தான் அடிவாங்கும்.